நெகட்டிவ் எங்கே இருக்கிறது?

(நூலக வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



என்னை அறிமுகம் செய்தவர் விஞ்ஞானப் புனைகதை ஆய்வாளர் என்று சொன்னார். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. நான் லேப்காரன். சென்னையில் ஒரு ஃபிலிம் லேபில் டெலிசினி மெஷின் முன்னால் பாதி ஆயுளைக் கழித்தவன். ஃபிலிமில் உள்ள படத்தை வீடியோவாக மாற்றித் தருகிற மெஷின்தான் டெலிசினி. இருட்டு அறை, ஏ.சி. குளிர், காலையில் வாங்கிவைத்த டீ மத்தியானம் வரைக்கும் பக்கத்திலேயே ஆறிக் கிடக்கும். பழைய விஞ்ஞானத் தொலைக்காட்சித் தொடர்களெல்லாம் எச்.டி.யில் வருமா, வராதா என்று இந்த வட்டத்து இளைஞர்கள் கேட்டார்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவனுக்குத் தெரிகிற பதிலைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

எங்கள் வீட்டு அலமாரியிலிருந்து ஆரம்பிக்கிறேன். அதில் இரண்டு கல்யாணங்கள் இருக்கின்றன. ஒன்று, 1966-இல் நடந்த என் அப்பா அம்மா கல்யாணம். ஸ்டுடியோக்காரர் எண்ணிப் பன்னிரண்டு படம் எடுத்திருக்கிறார். கறுப்பு வெள்ளை. நெகட்டிவ்களை ஒரு எண்ணெய்த்தாள் உறையில் போட்டுக் கொடுத்தார்; தாத்தா அதைப் பத்திரக் கட்டோடு சேர்த்து வைத்துவிட்டார். இரண்டாவது, 1993-இல் நடந்த என் அண்ணன் கல்யாணம். வி.எச்.எஸ். கேசட், மூன்று மணி நேரம். அந்தக் காலத்தில் வீடியோ எடுத்த கல்யாணம் என்றால் தெருவுக்கே பெருமை. மணமக்கள் முகம் ஒரு சிவப்பு ஹார்ட்டுக்குள் சுழன்று வரும். பின்னால் சுவிட்சர்லாந்து மலை தெரியும். உங்களில் பலர் வீட்டிலும் அந்த ஹார்ட் இருக்கும்.

சில வருஷங்களுக்கு முன் இரண்டையும் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். 1966 நெகட்டிவை ஸ்கேன் செய்து சுவர் அளவுக்குப் பெரிதாக்கினால், அப்பத்தா காதில் தொங்கும் பாம்படத்தின் வேலைப்பாடு தெரிகிறது. பின்வரிசைக்காரர் சட்டைப் பையில் செருகிய பேனாவின் கிளிப் தெரிகிறது. 1993 கேசட்டைப் பெரிய டிவியில் போட்டால் அண்ணன் முகமே கரைந்து போகிறது. இருபத்தேழு வருஷம் பிந்தியது, பல மடங்கு செலவில் எடுத்தது, அன்றைக்கு உச்சத் தொழில்நுட்பம். அதுதான் முதலில் பாழானது. இந்த அதிசயம்தான் இன்றைய பேச்சு முழுவதும்.

கணக்கு ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன், பிறகு தொல்லை செய்ய மாட்டேன். பழைய அமெரிக்க வீடியோவை டிஜிட்டலாக்கினால் ஒரு சட்டகத்தில் 720-க்கு 480 புள்ளிகள்; பெருக்கினால் 3,45,600. முழு எச்.டி. என்பது 1920-க்கு 1080; பெருக்கினால் 20,73,600. சரியாக ஆறு மடங்கு. டேப்பில் உள்ளதை எச்.டி. ஆக்க வேண்டுமானால், ஆறு புள்ளியில் ஐந்தை எங்கிருந்தாவது கொண்டுவந்தாக வேண்டும். 35 மி.மீ. நெகட்டிவில் அந்த ஐந்தும் ஏற்கெனவே இருக்கிறது, அதற்கு மேலும் இருக்கிறது. எடுத்த அன்றைக்கு அதைப் பார்க்கிற டிவி பிறக்கவில்லை, அவ்வளவுதான்.

இனி 1966-இல் நடந்த இன்னொரு விசேஷத்துக்கு வருவோம். அந்த ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் ‘ஸ்டார் ட்ரெக்’ தொடங்கியது. எண்பதுகளில் ஞாயிற்றுக்கிழமை காலை தூர்தர்ஷனில் கேப்டன் கிர்க்கையும் காதுநீண்ட ஸ்பாக்கையும் பார்த்த தலைமுறை இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறது. மூன்று வருஷம், 79 எபிசோட். எல்லாம் 35 மி.மீ. ஃபிலிமில் எடுத்து, ஃபிலிமிலேயே வெட்டி ஒட்டி, விண்கலக் காட்சிகளையும் ஃபிலிமிலேயே இணைத்து முடித்தார்கள். அப்போது வேறு வழி கிடையாது. வேறு வழி இல்லாததால் தொடர் பிழைத்தது.

நாற்பதாவது ஆண்டான 2006-இல் சி.பி.எஸ். நிறுவனம் அந்த நெகட்டிவை எடுத்து ஸ்கேன் செய்தது. நடிகர்கள் வரும் காட்சியெல்லாம் பளிச்சென்று வந்தன. ஸ்பாக்கின் கன்னத்தில் பூசிய பச்சை மஞ்சள் பூச்சு எங்கே முடிகிறது என்றுகூடத் தெரிந்தது. விண்கலக் காட்சிகளை மட்டும் கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸில் புதிதாகச் செய்தார்கள். அது எனக்கு ஒப்பவில்லை. இன்று பார்த்தால் 1966-இன் மர மாடல் இன்னும் கனமாகப் பறக்கிறது. 2006-இன் கிராஃபிக்ஸ்தான் பழசாகத் தெரிகிறது. நல்லவேளை, 2009-இல் ப்ளூ-ரே தட்டு வந்தபோது பழைய காட்சியா, புதிய காட்சியா என்று பார்ப்பவரே பொத்தானை அமுக்கித் தேர்ந்துகொள்ள வழி வைத்தார்கள். ரீமாஸ்டர் செய்கிறவர்கள் எல்லோரும் இந்த ஒரு மரியாதையைக் காட்டினால் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும்.

கதை சுவாரசியமாவது அடுத்த தொடரில். 1987-இல் ‘ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ வந்தது. ஏழு வருஷம், 178 எபிசோட். இதையும் 35 மி.மீ. ஃபிலிமில்தான் எடுத்தார்கள். ஆனால் எடுத்த ஃபிலிமை உடனே டெலிசினியில் போட்டு டேப்புக்கு மாற்றினார்கள். எடிட்டிங் டேப்பில். விண்கலத்தை நட்சத்திரங்களோடு இணைத்தது டேப்பில். துப்பாக்கியிலிருந்து பாயும் ஒளிக்கற்றையை வரைந்ததும் டேப்பில். வருஷத்துக்கு இருபத்தாறு எபிசோட் கொடுக்க வேண்டும். ஃபிலிமில் ஒரு காட்சியை இணைக்க ஆகிற நாட்களும் காசும் தாங்காது. வீடியோ சூட்டில் ஓரிரு நாளில் முடியும். நான் அந்த இடத்தில் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். பார்க்கிறவன் வீட்டு டிவியும் அதே 480 கோடுதானே காட்டப் போகிறது?

முடித்த எபிசோட் என்று ஒன்று ஃபிலிமில் எங்குமே கிடையாது என்பதுதான் இதன் விளைவு. அண்ணன் கல்யாணத்து ஹார்ட் மாதிரி, எல்லாம் டேப்போடு சேர்ந்து வெந்துவிட்டது. ஆனால் ஒரு நல்ல காரியம் நடந்திருந்தது: எடுத்த ஃபிலிமைத் தூக்கிப் போடவில்லை. படப்பிடிப்பில் ஓடிய மூல நெகட்டிவ், தேறாத டேக்குகள் உட்பட, கிடங்கில் பெட்டி பெட்டியாக இருந்தது. 25,000-க்கு மேற்பட்ட ஃபிலிம் ரீல்கள்.

2011 வாக்கில் சி.பி.எஸ். துணிந்து இறங்கியது. என்ன செய்தார்கள் என்பதை ஒரு லேப்காரனாக நான் கையெடுத்துக் கும்பிட்டுத்தான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு எபிசோடையும் பழைய டேப்பைப் பார்த்துப் பார்த்து, இந்த ஷாட் எந்த ரீலில் எந்த அடியில் இருக்கிறது என்று தேடி எடுத்து, ஸ்கேன் செய்து, முதலில் ஒளிபரப்பானபோது எந்தச் சட்டகத்தில் வெட்டு விழுந்ததோ அதே சட்டகத்தில் மறுபடி வெட்டி ஒட்டினார்கள். இதில் ஒரு சிக்கல். ஃபிலிம் விநாடிக்கு 24 சட்டகம். அமெரிக்க டேப்பில் விநாடிக்கு அறுபது அரைச் சட்டகங்கள். ஒரு ஃபிலிம் சட்டகம் டேப்பில் இரண்டு தடவை, அடுத்தது மூன்று தடவை என்று மாறி மாறி விழுந்திருக்கும். அதைப் பின்னோக்கிக் கழித்தால்தான் சரியான வெட்டு கிடைக்கும். இதை விரித்தால் கூட்டம் கலைந்துவிடும், விட்டுவிடுகிறேன். ஒரு எபிசோடுக்கு நூற்றுக்கணக்கான ஷாட். அதை 178-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

விண்கலக் காட்சிகள்தான் எனக்கு மிகவும் பிடித்த இடம். மாடலை ஒரே ஷாட்டாக எடுக்க மாட்டார்கள். கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் நகரும் கேமரா, துளி பிசகாமல் ஒரே பாதையில் திரும்பத் திரும்ப ஓடும். ஒருமுறை கலத்தின் உடம்பு மட்டும், ஒருமுறை ஜன்னல் விளக்குகள் மட்டும், ஒருமுறை பின்னணியிலிருந்து பிரித்தெடுப்பதற்கான நிழல் மட்டும். இந்தத் தனித்தனி அடுக்குகள் எல்லாம் ஃபிலிமில் இருந்தன. அவற்றை எச்.டி.யில் மறுபடி அடுக்கியபோது, 1987-இல் மாடல் செய்த கைகளின் வேலை முதன்முறையாக வெளியே தெரிந்தது. டேப்பிலேயே பிறந்த ஒளிக்கற்றைகளைப் புதிதாக வரைய வேண்டியிருந்தது. ஆட்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அனுப்பும் அந்தப் பளபளப்பு இருக்கிறதே, அதன் மூலம் என்ன தெரியுமா? தண்ணீரில் ஜிகினாத் தூளைப் போட்டுக் கலக்கிப் படம் பிடித்தது. நம்மூர்க் கரகத்துக்கு ஒட்டுகிற அதே சரக்கு.

எவ்வளவு தேடியும் ஓரிரு இடங்களில் சில விநாடிகளுக்கு நெகட்டிவ் அகப்படவே இல்லை. அங்கே மட்டும் பழைய டேப்பை ஊதிப் பெரிதாக்கி ஒட்டினார்கள். பார்க்கும்போது திடீரென்று கண்ணாடியைக் கழற்றிய மாதிரி இருக்கும்.

தேடப் போனால் தேடாததும் கிடைக்கும். இரண்டாவது வருஷத்தில், டேட்டா என்ற இயந்திர மனிதன் ஒரு ஆளா, உடைமையா என்று நீதிமன்றத்தில் வாதாடும் எபிசோட் ஒன்று உண்டு. நேரம் போதாமல் அதில் நிறையக் காட்சிகளை அன்றே வெட்டியிருந்தார்கள். வெட்டாத முதல் வடிவத்தின் வி.எச்.எஸ். பிரதி ஒன்றை அதை எழுதிய மெலிண்டா ஸ்நாட்கிராஸ் வைத்திருந்தார். அந்த மங்கிய கேசட்டை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு, நெகட்டிவிலிருந்து நீண்ட வடிவத்தை எச்.டி.யில் கட்டி எழுப்பினார்கள்.

எச்.டி. எல்லாவற்றையும் காட்டும், காட்டக் கூடாததையும் காட்டும். கலத்தின் கட்டுப்பாட்டு அறையில், பின்சுவர்த் திரைகளில் விளக்கு பிரதிபலிக்காமல் இருக்கக் கறுப்பு அட்டையை வெட்டி ஒட்டியிருந்தார்கள். டிவியில் யாருக்குத் தெரியப் போகிறது? இப்போது அட்டையும் அதன் கோணல் ஓரமும் நன்றாகத் தெரிகின்றன. இருபத்துநான்காம் நூற்றாண்டு விண்கலத்தில் ஆர்ட் டைரக்டரின் கத்தரி வேலை. இன்னொரு பக்கம், கலத்தின் குறுக்குவெட்டு வரைபடத்தில் ஓவியர்கள் ஒரு வாத்தையும் எலியையும் வரைந்து ஒளித்துவைத்திருந்தார்கள். தங்களுக்குள் சிரிக்கச் செய்த விளையாட்டு. கால் நூற்றாண்டு கழித்து ஊரே அதைப் பார்த்துச் சிரித்தது. கறுப்பு அட்டையைக் கம்ப்யூட்டரில் அழித்திருக்கலாமே என்று கேட்பார்கள். அழிக்காமல் விட்டது சரி என்பது என் கட்சி. அட்டையை அழிக்க ஆரம்பித்த கை, நடிகையின் சுருக்கத்திலும் போய் நிற்கும்.

2012-இல் முதல் வருஷத் தட்டு வந்தது; 2014 டிசம்பரில் ஏழாவது வருஷம் முடிந்தது. வேலைக்கு வந்த பாராட்டு, விற்பனைக்கு வரவில்லை. அந்த இரண்டு வருஷத்துக்குள்தான் உலகம் தட்டு வாங்குவதை நிறுத்திவிட்டு மாதச் சந்தாவில் பார்க்கப் பழகியது. கடைச் சரக்கு வந்து இறங்கும்போது சந்தையே இடம் மாறிவிட்ட மாதிரி.

இதன் விலையைக் கொடுத்தவை அடுத்த இரண்டு தொடர்கள். ‘டீப் ஸ்பேஸ் நைன்’ 176 எபிசோட், ‘வாயேஜர்’ 172, சேர்த்தால் 348. இரண்டும் அதே முறையில், ஃபிலிமில் எடுத்து டேப்பில் முடித்தவை. அந்த நெகட்டிவும் பெட்டியில் இருக்கிறது. ஆனால் தொண்ணூறுகளின் நடுவில் மாடலும் கேமராவும் ஒதுங்கி, கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் உள்ளே வந்துவிட்டது. ‘டீப் ஸ்பேஸ் நைன்’ பிற்பகுதியில் நூற்றுக்கணக்கான கலங்கள் மோதும் போர்க்களங்கள் உண்டு. அவற்றுக்கு ஃபிலிம் அடுக்கு என்று எதுவும் கிடையாது. கம்ப்யூட்டரில் பிறந்து, 480 கோட்டிலேயே ரெண்டர் ஆகி, அதாவது படமாக உருவாகி, நேராக டேப்புக்குப் போனவை. அவற்றைச் செய்த சிறு கம்பெனிகள் இழுத்து மூடப்பட்டுவிட்டன. சில கலைஞர்கள் தங்கள் பாசத்தால் கொஞ்சம் கோப்புகளை வீட்டு ஹார்டு டிஸ்கில் வைத்திருந்தார்கள். மற்றதெல்லாம் புதிதாகத்தான் செய்ய வேண்டும். முந்தைய தொடரே லாபம் பார்க்காதபோது இதற்கு யார் பெட்டியைத் திறப்பார்கள்?

ரசிகர்கள் கொஞ்சம் திறந்தார்கள். ‘டீப் ஸ்பேஸ் நைன்’ தொடரை நடத்திய ஐரா ஸ்டீவன் பேர் அதைப் பற்றி ‘வாட் வீ லெஃப்ட் பிஹைண்ட்’ என்று ஓர் ஆவணப்படம் எடுத்தார். 2017-இல் பொதுமக்களிடம் கேட்டது ஒன்றரை லட்சம் டாலர். வந்தது ஆறு லட்சத்துக்கு மேல். அந்த மிச்சப் பணத்தில் தொடரின் சில காட்சிகளை நெகட்டிவிலிருந்து எச்.டி.யில் எடுத்துப் படத்தில் சேர்த்தார்கள். நான் பார்த்தேன். டேப்பில் சேற்றுத் தண்ணீர் மாதிரி பழுப்பாகத் தெரிந்த அந்த விண்நிலையத்துக்குள் இவ்வளவு நிழலும் நிறமும் இருந்ததா என்று ஆகிவிட்டது. முப்பது வருஷமாக அந்த ஒளிப்பதிவாளரை நாம் அரைகுறையாகத்தான் மதிப்பிட்டிருக்கிறோம்.

‘பாபிலோன் 5’ இதைவிடப் பரிதாபம். அதை உருவாக்கிய ஜே. மைக்கேல் ஸ்ட்ராஸின்ஸ்கி முன்யோசனைக்காரர். ஐந்து வருஷக் கதையை முதலிலேயே திட்டமிட்டு, 110 எபிசோடில் 92-ஐத் தானே எழுதியவர். வருங்காலத்தில் அகலத்திரை டிவி வரும் என்று எதிர்பார்த்து, நடிகர்கள் வரும் காட்சிகளை அதற்கேற்றபடி அகலமாகவே ஃபிலிமில் எடுக்க வைத்தார். 1993-இல் அப்படி யோசித்ததே பெரிது. விண்வெளிக் காட்சிகளுக்கு மாடலே வேண்டாம் என்று அமிகா கம்ப்யூட்டரில் கிராஃபிக்ஸ் செய்தார்கள். தொலைக்காட்சியில் அது புரட்சி. ஆனால் அந்த கிராஃபிக்ஸை மட்டும் அகலமாகச் செய்யவில்லை. பழைய டிவி அளவான 4:3-இல், குறைந்த தெளிவில் செய்து முடித்தார்கள். பிற்பாடு மறுபடி ரெண்டர் செய்துகொள்ளலாம் என்று எண்ணம். அந்தப் பிற்பாடு வருவதற்குள் கோப்புகள் காணாமல் போயின.

டி.வி.டி. வந்தபோது அகலத்திரையில் போட்டார்கள். நடிகர் வரும் காட்சி அழகாக விரியும். அடுத்த நொடி விண்கலம் வரும். மேலும் கீழும் வெட்டி, மிச்சத்தை இழுத்துப் பெரிதாக்கி, கஞ்சி மாதிரி இருக்கும். ஒரு நடிகரும் கிராஃபிக்ஸும் ஒரே ஷாட்டில் வந்தால், கதவு திறந்து மூடுவதற்குள் படம் இரண்டு தரம் நிறம் மாறும். முன்யோசனையே வினையானது. 2021-இல் வார்னர் நிறுவனம் ஒரு நடுவழியைப் பிடித்தது. அகலத்திரை ஆசையை விட்டுவிட்டு முதலில் ஒளிபரப்பான 4:3 வடிவத்துக்கே திரும்பினார்கள். நெகட்டிவை 4கே-யில் ஸ்கேன் செய்து எச்.டி.க்குக் கொண்டுவந்தார்கள். கிராஃபிக்ஸை இருக்கிற டேப்பிலிருந்து பதமாகப் பெரிதாக்கினார்கள். 2023 டிசம்பரில் ப்ளூ-ரேயும் வந்தது. விண்கலங்கள் இன்னும் கொஞ்சம் மொழுக்கென்றுதான் இருக்கின்றன. ஆனால் கதையில் வரும் தூதர்களான லாண்டோவும் ஜிகாரும் எதிரெதிரே நின்று பேசும்போது அந்த முகங்கள் கிடைத்துவிட்டன. அந்தத் தொடருக்கு அதுதான் வேண்டியது.

இங்கிலாந்துக்கு வந்தால் நிலைமை வேறு. பி.பி.சி.யின் ‘டாக்டர் ஹூ’ 1963-இல் தொடங்கியது. அவர்களுக்கு உள்ளே ஸ்டுடியோவில் எடுப்பது வீடியோ, வெளிப்புறம் போனால் 16 மி.மீ. ஃபிலிம். டேப் விலை அதிகம். மறுஒளிபரப்புக்கு நடிகர் சங்கத்தோடு கட்டுப்பாடு. வீட்டில் கேசட் போட்டுப் பார்க்கும் காலம் வருமென்று எவரும் நினைக்கவில்லை. அதனால் ஒளிபரப்பி முடித்த டேப்பை அழித்து அதிலேயே வேறு நிகழ்ச்சியைப் பதிந்தார்கள். 1978 வரைக்கும் இது நடந்தது. அறுபதுகளின் 253 எபிசோடில் நூறுக்கு நெருக்கமானவை இப்படிப் போயின. வெளிநாட்டு நிலையங்களுக்கு விற்க எடுத்த ஃபிலிம் பிரதிகள்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தன. 2013-இல் நைஜீரியாவின் ஜோஸ் நகர நிலையம் ஒன்றிலிருந்து ஒன்பது எபிசோட் ஒரே கொத்தாகக் கிடைத்தன. அங்கே யாரும் அவற்றைக் காப்பாற்ற வேண்டும் என்று வைத்திருக்கவில்லை. குப்பையில் போட ஆள் வரவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பழைய தொடரில் முழுமையான எச்.டி.யில் பார்க்க முடிகிற கதை ஒன்றே ஒன்று: 1970-இல் வந்த ‘ஸ்பியர்ஹெட் ஃப்ரம் ஸ்பேஸ்’. அப்போது பி.பி.சி. ஸ்டுடியோவில் வேலைநிறுத்தம். உள்ளே கால் வைக்க முடியாததால் முழுக் கதையையும் வெளியிடங்களில் 16 மி.மீ. ஃபிலிமிலேயே எடுத்து முடித்தார்கள். தொழிற்சங்கத்தின் புண்ணியத்தில் 2013-இல் அதற்கு ப்ளூ-ரே கிடைத்தது.

இதற்கு நேர் எதிரான கதை அமெரிக்காவில் உண்டு. ‘ட்விலைட் ஸோன்’ முழுக்க 35 மி.மீ. ஃபிலிம். இரண்டாவது வருஷம், 1960-61-இல், செலவைக் குறைக்க ஆறு எபிசோடை மட்டும் வீடியோவில் எடுத்துப் பார்த்தார்கள். மிச்சமானது பெரிய தொகையும் இல்லை. இன்று அந்தத் தொடரின் ப்ளூ-ரேயைப் போட்டால், வெள்ளிப் பாத்திரம் மாதிரி மின்னும் எபிசோடுகளுக்கு நடுவே அந்த ஆறும் ஈயம் பூசாத சட்டி மாதிரி உட்கார்ந்திருக்கின்றன. மாற்ற எவராலும் ஆகாது.

பழசானால்தான் இந்தக் கதி என்று நினைத்துவிடாதீர்கள். 2005-இல் புத்துயிர் பெற்று வந்த ‘டாக்டர் ஹூ’வை 2009 ஈஸ்டர் வரைக்கும் சாதாரணத் தெளிவு டிஜிட்டல் வீடியோவில்தான் எடுத்தார்கள். இங்கே உள்ள இளைஞர்களுக்குப் பிடித்த டேவிட் டெனன்ட் காலம் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. ப்ளூ-ரே உறையில் என்ன அச்சடித்திருந்தாலும் உள்ளே இருப்பது ஊதிப் பெரிதாக்கியதுதான். 1975-இன் ‘ஸ்பேஸ்: 1999’ நெகட்டிவிலிருந்து வந்து அதைவிடத் துல்லியமாக நிற்கிறது.

அப்படியானால் டேப்பில் மட்டும் இருக்கிறவற்றுக்கு ஏ.ஐ. இருக்கிறதே என்று கேட்பீர்கள். கேட்பீர்கள் என்று தெரிந்துதான் கடைசிக்கு வைத்திருந்தேன். முதலில் சொன்னேனே, டேப்பில் இல்லாத அந்த ஐந்து புள்ளிகள், அவற்றை ஏ.ஐ. கண்டுபிடிக்காது, ஊகிக்கும். லட்சக்கணக்கான முகங்களைப் பார்த்த பழக்கத்தில், இங்கே ஒரு கண் இமை இருக்க வேண்டும் என்று ஒன்றை வரைந்து வைக்கும். நெருக்கமான முகக் காட்சியில் அது பெரும்பாலும் சரியாக வரும். தூரத்தில் நிற்கும் கூட்டத்தில் முகங்கள் உருகும். எழுத்துகள் எந்த மொழியிலும் இல்லாத எழுத்துகளாகும். விண்கல ஜன்னல்கள் எண்ணிக்கை மாறும். மூலமே டேப்பாக இருக்கிற தொடருக்கு, இது ஊகம் என்று உறையில் நேர்மையாக எழுதிவிட்டுச் செய்தால் எனக்குப் புகார் இல்லை. ஆனால் ‘டீப் ஸ்பேஸ் நைன்’ மாதிரி நெகட்டிவ் கிடங்கில் இருக்கும்போது டேப்பை ஏ.ஐ.யில் போட்டுத் தள்ளுவது, கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவதுதான். பயம் என்னவென்றால், அது மலிவு. நிறுவனத்துக் கணக்கர் அதைத்தான் முதலில் நீட்டுவார்.

எதிர்பார்க்கலாமா என்று கேட்டால், என் ஊகம் இது. ‘நெக்ஸ்ட் ஜெனரேஷ’னுக்கு நடந்தது மாதிரி எல்லாவற்றையும் அடியிலிருந்து கட்டும் ராஜவேலை இனி நடக்காது. ‘பாபிலோன் 5’ வழிதான் நடக்கும்: நடிகர் வரும் காட்சி நெகட்டிவிலிருந்து, கிராஃபிக்ஸ் பெரிதாக்கலில். அதற்குள் கிராஃபிக்ஸ் செய்கிற செலவும் இறங்கிக்கொண்டே வருகிறது. 1997-இல் ஒரு கம்பெனியே ராப்பகலாக ரெண்டர் செய்த போர்க்களத்தை இன்று ஒரு பையன் தன் அறையில் செய்கிறான். உண்மையான செலவு 348 எபிசோடுக்கும் ரீல் தேடி வெட்டை ஒப்பிடுகிற மனித உழைப்பில் இருக்கிறது. ரீலையும் ஷாட்டையும் தானே பொருத்துகிற மென்பொருள் அந்த உழைப்பைக் குறைத்தால், கணக்கரின் முகம் மலரக்கூடும். ஏ.ஐ.யை உட்கார வைக்க வேண்டிய நாற்காலி அதுதான். முகம் வரைகிற நாற்காலி இல்லை.

காலமும் காத்திருக்காது. அசிடேட் ஃபிலிம் கெட ஆரம்பித்தால் டப்பாவைத் திறந்ததும் காடி வாடை அடிக்கும். நாங்கள் லேபில் வாசனையை வைத்தே எத்தனை வருஷம் தாங்கும் என்று சொல்லுவோம். ஒரு டப்பா பிடித்தால் பக்கத்து டப்பாவுக்கும் பரவும். கலர் நெகட்டிவில் சாயமும் மெல்ல மெல்ல வெளிறும். டேப் விஷயத்தில், டேப் நன்றாக இருந்தாலும் அதை ஓட்டுகிற மெஷின் இருக்காது. மெஷின் இருந்தால் அதன் ஹெட்டைச் சரிசெய்கிற ஆள் இருக்க மாட்டார். நான் வேலை பார்த்த இடத்தில் அப்படி ஒரே ஒரு ஆள் இருந்தார். அவர் ஓய்வு பெற்ற அன்று மெஷினும் ஓய்வு பெற்றது.

அண்ணன் கல்யாணக் கேசட்டைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். போன பொங்கலுக்கு அண்ணன் மகன் அதை ஏதோ ஏ.ஐ. மென்பொருளில் போட்டு எச்.டி. ஆக்கிக் கொண்டுவந்தான். வீடே உட்கார்ந்து பார்த்தது. அண்ணன் முகம் பரவாயில்லை, கொஞ்சம் சினிமா நடிகர் சாயல். ஹார்ட் மட்டும் கண்ணைப் பறிக்கும் சிவப்பில் துல்லியமாக வந்திருந்தது. அட்சதை போடக் குனிந்த அப்பத்தா நிமிரும்போது ஒரு விநாடி நிறுத்தச் சொன்னேன். காதில் பாம்படம் இல்லை. மென்பொருளுக்குப் பாம்படம் என்றால் என்னவென்று தெரியாது. தொங்கிய காதையும் தங்கத்தையும் சேர்த்து முடியாக்கி, காதுக்குப் பின்னால் வழித்து வாரிவிட்டிருந்தது. யாரோ ஒரு வெள்ளைக்காரப் பாட்டி ஆசீர்வாதம் செய்துகொண்டிருந்தாள். பையனுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அவன் அப்பத்தாவைப் பார்த்ததே இல்லை. அண்ணிதான் எழுந்துபோய்ப் பழைய கேசட்டை எடுத்து, துடைத்து, தன் பீரோவில் நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினார். அதை ஓட்டுவதற்கு எங்கள் வீட்டில் இப்போது வி.சி.ஆர். இல்லை. உங்களில் யார் வீட்டுப் பரணிலாவது ஒன்று ஓடுகிற நிலையில் கிடந்தால், கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள்.